பழைய போர்டில் எஸ்எஸ்டி ரெய்டு: பயோஸ் திருத்தம் பற்றிய கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய மெஷினைத் தூக்கிப் போடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. காரைக்குடி ஸ்டுடியோக்கள், தேவகோட்டை கணக்கு ஆபீஸ்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் என்று எங்கே போனாலும் இன்டெல் 6, 7 வரிசை சிப்செட் (டிஸ்க், யூஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் போர்டின் முக்கிய சிப்) உள்ள போர்டுகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஃபிளாஷ் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி டிஸ்க்குகள் கைக்கு எட்டும் விலைக்கு வந்த பிறகு இரண்டை வாங்கி ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) போடுகிறார்கள். அப்புறம் "பயோஸை (மெஷினை எழுப்பும் ஆரம்ப புரோகிராம்) மாற்றினால் நன்றாக ஓடுமாமே" என்று கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (காரைக்குடி, கல்யாண வீடியோ எடிட்டர்): இசட்68 போர்டு, ஐ7 2600. இரண்டு 500 ஜிபி எஸ்எஸ்டியை ரெய்டு 0-வாக (டேட்டாவை இரண்டிலும் பிரித்து எழுதும் முறை) போட்டிருக்கிறேன். முதலில் பறந்தது. இப்போது பெரிய ஃபைல் எழுதும்போது இழுக்கிறது. பயோஸ் மாற்றினால் சரியாகுமா?

பதில்: அண்ணே, டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நீங்கள் ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அந்த ப்ராஜெக்டை அழிக்கிறீர்கள், அடுத்ததை ஏற்றுகிறீர்கள். அழித்த இடம் காலி என்று விண்டோஸுக்குத் தெரியும், எஸ்எஸ்டிக்குத் தெரியாது. ஃபிளாஷ் சிப்பில் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத் துடைத்த பிறகுதான் எழுத முடியும். காலி என்று யாரும் சொல்லாததால், நீங்கள் எப்போதோ அழித்த வீடியோவையும் அது பத்திரமாக இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. அந்த வெட்டி வேலைதான் இழுவைக்குக் காரணம்.

"இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிஸ்க்கிடம் சொல்லும் கட்டளைதான் டிரிம். ஒற்றை எஸ்எஸ்டி என்றால் விண்டோஸ் 7 முதல் அதுவாகவே அனுப்பிவிடும். ரெய்டு போட்டால் நடுவில் இன்டெல் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் கட்டளையை வாங்கி, எந்தப் பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ரெய்டு 0-வுக்கு இன்டெல் இதை 2012-ல், 7 வரிசை சிப்செட்டுக்குத்தான் முறைப்படி கொடுத்தது. அதற்கு இரண்டு பாதியும் வேண்டும்: விண்டோஸில் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் 11 அல்லது அதற்கு மேல், பயோஸுக்குள் இருக்கும் ரெய்டு ஆப்ஷன் ரோமும் (பூட் ஆகும்போதே ரெய்டை இயக்கும் புரோகிராம் துண்டு) 11 அல்லது அதற்கு மேல். முதல் பாதியை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாவது பாதி பயோஸ் சிப்புக்குள் இருக்கிறது, உங்கள் போர்டு கம்பெனியோ பயோஸ் வெளியிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால்தான் திருத்த வேண்டியிருக்கிறது. 6 வரிசைக்கு இன்டெல் தராவிட்டாலும், திருத்திய ஆப்ஷன் ரோம் வைத்தால் அதிலும் டிரிம் போகிறது என்று அதே 2012-லேயே காட்டிவிட்டார்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. மெஷினை ஆன் செய்ததும் டிஸ்க் பட்டியலோடு இன்டெல் ஸ்கிரீன் ஒன்று ஓரிரு நொடி வருமே, அதன் தலைவரியில் ஆப்ஷன் ரோம் பதிப்பு எண் இருக்கும். 10-ல் தொடங்கினால் டிரிம் போகவில்லை. போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள், கண்ணுக்குச் சிக்காமல் ஓடிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் இசட்68 சிப்செட்டில், டிஸ்க் கேபிள் மாட்டும் 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் இரண்டே இரண்டுதான், மற்றவை 3 ஜிகாபிட். ஒரு டிஸ்க் மெதுவான போர்ட்டில் இருந்தாலும் ரெய்டு 0 முழுக்க அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். பயோஸில் கை வைக்கும் முன் கேபிளைப் பாருங்கள். அப்புறம், கேமராவிலிருந்து இறக்கிய ஒரிஜினல் ஃபைல்களை ரெய்டு 0-வில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. ஒரிஜினல் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ரெய்டு எடிட்டிங்குக்கு மட்டும்.

கேள்வி (தேவகோட்டை, கணக்கு ஆபீஸ்): எங்கள் எச்61 போர்டில் ரெய்டு என்ற ஆப்ஷனே இல்லை. பயோஸைத் திருத்தி வரவழைக்கலாமா?

பதில்: முடியாது அக்கா. எச்61-ல் ரெய்டு சிப்செட்டிலேயே கிடையாது, பி75-லும் அப்படித்தான். சிப்பில் இல்லாததைப் பயோஸால் கொடுக்க முடியாது. கணக்கு வேலைக்கு ஒற்றை எஸ்எஸ்டியும், தினமும் வெளி டிஸ்க்கில் ஒரு பேக்கப்பும் போதும். ரெய்டு உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

கேள்வி (புதுவயல், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் இளைஞர்): நானே செய்து பழக வேண்டும். எங்கே தொடங்குவது, எதில் கவனம் வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் சிப்பில் இப்போது இருப்பதை அப்படியே படித்து எடுத்து வை. கம்பெனி தளத்தில் கிடைக்கும் பயோஸ் ஃபைல் இதற்கு ஈடாகாது. லேன் போர்ட்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), போர்டின் சீரியல் எண் போன்றவை உன் சிப்பில் மட்டும்தான் இருக்கும். சிஎச்341ஏ என்ற புரோகிராமரும் (சிப்பைப் படிக்க, எழுத உதவும் கருவி) எட்டுக் கால் கிளிப்பும் வாங்கிக்கொள். மலிவான பொருள், ஆனால் ஒரு கோளாறு உண்டு: கறுப்பு நிறப் பலகையில் வருகிற வகையில், சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவதுண்டு. மீட்டர் வைத்து அளந்துவிட்டுப் போடு. 6, 7 வரிசை டெஸ்க்டாப் போர்டுகளில் பொதுவாக 3.3 வோல்ட் சிப்தான். புதிய லேப்டாப்களில் 1.8 வோல்ட் சிப் வருகிறது, அதற்கு அடாப்டர் இல்லாமல் கிளிப்பைக் கொண்டுபோகாதே.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒயரைப் பிடுங்கு, சீமாஸ் பேட்டரியைக் கழற்று. சிப்பின் மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். கிளிப் ஒயரில் சிவப்புக் கோடு அந்தப் பக்கம் வர வேண்டும். சிப்பின் மேல் 25க்யூ64 என்றிருந்தால் 64 மெகாபிட், அதாவது ஃபைல் 8 எம்பி வர வேண்டும். இரண்டு தடவை படித்து, இரண்டு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஹேஷ் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டுப் பார். ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை. ஆசுஸின் அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும். அதைக் கழற்றிப் படிப்பது இன்னும் சுலபம்.

அடுத்தது, எதை மாற்றுகிறோம் என்ற தெளிவு. பயோஸுக்குள் ரெய்டுக்கு இரண்டு வகைத் துண்டுகள் இருக்கலாம். பழைய முறையில் பூட் ஆகிற விண்டோஸுக்கு ஆப்ஷன் ரோம், யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆவதற்கு சாட்டா டிரைவர் என்ற இஎஃப்ஐ துண்டு. வாடிக்கையாளரின் விண்டோஸ் எந்த முறையில் ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, டிரிம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். டிவைஸ் ஐடியையும் பார். டிவைஸ் மேனேஜரில் ரெய்டு கன்ட்ரோலரின் ஹார்டுவேர் ஐடியில் 8086 இன்டெலைக் குறிக்கும். அடுத்து வருகிற 2822தான் இந்த டெஸ்க்டாப் சிப்செட்களின் ரெய்டு முறை. நீ வைக்கப்போகிற ஆப்ஷன் ரோமிலும் அதே 2822 இருக்க வேண்டும், இல்லையென்றால் போர்டு அதைத் தொடவே தொடாது.

கருவிகளில் ஏஎம்ஐ கம்பெனியின் பயோஸுக்கு எம்எம்டூல், யூஇஎஃப்ஐ டூல் இரண்டும் பழகு. யூஇஎஃப்ஐ டூலில் என்இ என்று வருகிற பதிப்பு பார்க்க மட்டும்தான், மாற்ற 0.28 போன்ற பழைய பதிப்பு வேண்டும். யூபியூ என்ற கருவி பெரும்பாலான வேலையைத் தானே செய்துவிடும். ஆனாலும் முதல் சில போர்டுகளுக்குக் கையால் செய்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று புரியும். மாற்றி முடித்ததும் பழைய ஃபைலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வை. நீ தொட்ட துண்டைத் தவிர வேறு எதுவும் காணாமல் போயிருக்கக் கூடாது. காலி இடத்தை நிரப்பி வைக்கிற பேட் ஃபைல்களைச் சில கருவிகள் சத்தமில்லாமல் சேர்க்கும் அல்லது நீக்கும். போர்டு செத்துப்போவதற்கு அது போதும்.

ஏற்றும் வழி போர்டுக்குப் போர்டு வேறு. ஆசுஸ் 7 வரிசையில் ஈசி ஃபிளாஷ் (பயோஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் கருவி) திருத்திய ஃபைலை மறுத்துவிடும், யூஎஸ்பி ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு ஏற்றுக்கொள்ளும். எதுவும் ஒத்துவரவில்லையென்றால் புரோகிராமரிலேயே எழுதிவிடு. நம் ஊரில் மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் பேட்டரி நிஜமாகவே தாங்குகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.

எழுதி முடித்த பின் முதல் பூட்டில் விண்டோஸுக்குள் போய்விடாதே. பயோஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும், சாட்டா முறையும் ரெய்டிலிருந்து, ரெய்டு இல்லாத முறைகளான ஏஹெச்சிஐக்கோ ஐடிஇக்கோ மாறியிருக்கும். நேராக செட்டப்புக்குள் போய் ரெய்டு என்று மாற்றி சேவ் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ரெய்டு விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் பொதுவாக அப்படியே திரும்ப வந்துவிடும். ஆனாலும் பேக்கப் இல்லாத மெஷினில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளாதே.

கேள்வி (அதே எடிட்டர்): மாற்றிய பிறகு டிரிம் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விண்டோஸ் கமாண்டில் டிரிம் ஆன் என்று காட்டினால் விண்டோஸ் அனுப்புகிறது என்றுதான் அர்த்தம், டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. டிரிம்செக் என்ற சின்ன புரோகிராம் இருக்கிறது. ஒரு ஃபைலை எழுதி அழித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த இடத்தை நேரடியாகப் படித்துப் பார்க்கும். பழைய டேட்டா அப்படியே இருந்தால் டிரிம் போகவில்லை. சரி என்று வந்தால், விண்டோஸ் 8 முதல் உள்ள ஆப்டிமைஸ் டிரைவ்ஸை ஒரு தடவை ஓட்டுங்கள், இதுவரை சேர்ந்த காலி இடம் முழுவதற்கும் டிரிம் போகும். புது வேகம் எதுவும் கூடாது அண்ணே, வாங்கிய அன்று இருந்த வேகம் திரும்பி நிலைக்கும்.

கேள்வி (கோட்டையூர், ஓய்வுபெற்ற ஆராய்ச்சிக்கூட ஊழியர்): லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துகிறேன். எனக்கும் பயோஸ் திருத்தம் வேண்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. போர்டின் ரெய்டை விட்டுவிட்டு ஏஹெச்சிஐயில் வைத்து, லினக்ஸின் சொந்த ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் மூலம் ரெய்டு போடுங்கள். 2012 டிசம்பரில் வந்த கெர்னல் 3.7 முதல் அது டிரிமைக் கடத்துகிறது. டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் டைமரை இயக்கிவிட்டால் வாரம் ஒரு முறை தானாக ஓடும். போர்டு செத்தாலும் டிஸ்க்குகளை வேறு மெஷினில் மாட்டிப் படிக்கலாம். என்னைக் கேட்டால், லினக்ஸ்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி (பள்ளத்தூர்): இசட்77 போர்டில் பிசிஐ கார்டு வைத்து என்விஎம்இ (சாட்டா இல்லாமல் பிசிஐ வழியாக ஓடும் எஸ்எஸ்டி) மாட்டினேன். விண்டோஸில் தெரிகிறது, அதிலிருந்து பூட் ஆகவில்லை.

பதில்: பயோஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது, அவ்வளவுதான். என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ என்ற டிரைவர் துண்டை, பயோஸ் எழும்போது ஏற்றும் டிஎக்ஸ்இ டிரைவர்கள் வரிசையின் கடைசியில் சேர்த்தால் பூட் ஆகும். பூட் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் வராது, "பாட்டா எஸ்எஸ்" என்று வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விண்டோஸை ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) பிரிவில், யூஇஎஃப்ஐ முறையில் ஏற்ற வேண்டும். சிப்பைத் தொடப் பயமாக இருந்தால் க்ளோவர் பூட்லோடரைப் பென்டிரைவில் வைத்து அதன் வழியாகவும் பூட் செய்யலாம். என்விஎம்இ இரண்டை மாட்டி இன்டெல் ரெய்டு போட நினைக்காதீர்கள். அது 2015-ல் வந்த இசட்170 தலைமுறையிலிருந்துதான். உண்மையைச் சொன்னால், ஒரு என்விஎம்இ கிடைத்துவிட்டால் சாட்டா ரெய்டு 0 போடவே காரணம் இல்லை.

கேள்வி (கானாடுகாத்தான், விடுதி நிர்வாகி): ஆபீஸ் லேப்டாப்பிலும் இப்படிச் செய்யலாமா? நெட்டில் திருத்திய ஃபைல் ரெடியாகவே கிடைக்கிறதே?

பதில்: லேப்டாப் வேண்டாம். இன்டெல் 4-ஆம் தலைமுறையிலிருந்து பூட் கார்டு என்ற பூட்டு வந்துவிட்டது. அதை இயக்கி வைத்திருக்கும் கம்பெனி என்றால், பயோஸின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் மெஷின் எழுந்திருக்காது.

ரெடி ஃபைல் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வது: யார் திருத்தியது என்று தெரியாத பயோஸை ஏற்றாதீர்கள். அது விண்டோஸுக்கு முன்பே ஓடுகிறது, ஆன்டிவைரஸுக்கும் எளிதில் சிக்காது, ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. 2018-ல் லோஜாக்ஸ் என்ற நச்சு நிரல் பயோஸ் சிப்புக்குள்ளேயே குடியிருந்ததை இசெட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல் வைத்திருக்கும் மெஷின் உங்களுடையது. தேவையான ஆப்ஷன் ரோமை அதே சிப்செட்டுக்குப் பின்னால் வந்த இன்னொரு போர்டின் அதிகாரப்பூர்வ பயோஸிலிருந்து எடுத்து, உங்கள் சொந்த சிப்பின் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காரைக்குடி, மாணவர்): ஜிகாபைட் போர்டில் ஏற்றினேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. போர்டு போச்சா?

பதில்: போகவில்லை தம்பி. ஜிகாபைட்டின் டூயல் பயோஸ் போர்டு என்றால் இரண்டாவது சிப்பில் ஒரிஜினல் இருக்கிறது. மெயின் ஃபைல் சிதைந்திருப்பதைக் கண்டுபிடித்தால் அதிலிருந்து தானே மீட்டுக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆனாலும் குறுக்கே ஆஃப் செய்யாதே. கால் மணி நேரம் பார்த்தும் அசைவில்லை என்றால், முன்பு படித்து வைத்த ஃபைலைப் புரோகிராமரில் மெயின் சிப்புக்கு எழுது. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுவிட்டு ஆன் செய். படித்து வைக்கவில்லையென்றால் கம்பெனி ஃபைலை எழுதலாம், ஆனால் லேன் வேலை செய்யாமல் போகலாம். மேக் முகவரி போர்டில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதா என்று பார், பெரும்பாலும் லேன் போர்ட்டின் மேலோ ராம் பக்கத்திலோ இருக்கும். அதை எழுதி எடுத்துக்கொண்டு போர்டோடு கடைக்கு வா, சேர்த்துத் தருகிறேன்.