எத்தனை நாள், எந்த அவை? இந்தியப் பிரதமர்கள் பற்றிய கேள்வி பதில்

வாஜ்பாயின் முதல் ஆட்சி 13 நாளா, 16 நாளா?

இரண்டும் சரி. 1996 மே 16 அன்று பதவியேற்றார், 28 அன்று ராஜினாமா செய்தார், தேவ கவுடா வந்தது ஜூன் 1. ராஜினாமா செய்த தேதி வேறு, நாற்காலியை விட்டு இறங்கிய தேதி வேறு. இதை எத்தனை முறைதான் எழுதுவது!

சரண் சிங் 23 நாள்தான் பிரதமராம், உண்மையா?

மறுபடியும் அதே குழப்பம். 23ஆம் நாள் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். ஆனால் காபந்து பிரதமராக 1980 ஜனவரி வரை இருந்தார், மொத்தம் ஐந்தரை மாதம். தேதியைப் பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

மாநில முதல்வராக இருந்து பிரதமரானவர்கள்?

ஆறு பேர். மொரார்ஜி, சரண் சிங், வி.பி. சிங், நரசிம்ம ராவ், தேவ கவுடா, மோடி.

மக்களைச் சந்திக்காமல் கொல்லைப்புறமாக வந்த ஒரே பிரதமர் மன்மோகன் சிங்தானே?

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, அதுவும் "தானே" போட்டு, முடிவே செய்துவிட்ட தொனியில். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத மாநிலங்களவையின் உறுப்பினராக இருந்து மன்மோகன் பிரதமரானார் என்பதுதான் குற்றச்சாட்டு. முதலில் "ஒரே" தவறு. 1966இல் இந்திரா பிரதமரானபோது மாநிலங்களவை உறுப்பினர்தான், ரேபரேலியில் நின்று ஜெயித்தது அடுத்த வருடம். தேவ கவுடா பதவிக்கு வந்தபோது கர்நாடக முதல்வர், பிறகு போனதும் மாநிலங்களவைக்குத்தான். குஜ்ரால் பீகாரிலிருந்து வந்த மாநிலங்களவை உறுப்பினர். நரசிம்ம ராவோ 1991இல் எந்த அவையிலும் இல்லை. தேர்தலிலேயே நிற்காமல், டெல்லியைக் காலி செய்துகொண்டு ஹைதராபாத் திரும்பத் தயாராக இருந்தவர், அப்புறம் நந்தியால் இடைத்தேர்தலில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். "மக்களைச் சந்திக்காமல்" என்பதும் தவறு. மன்மோகன் 1999இல் தெற்கு டெல்லியில் நின்று சுமார் 30 ஆயிரம் வாக்கில் தோற்றவர். அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு கேட்பது, ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும் என்பது மட்டுமே. மக்களவையில் பெரும்பான்மை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அவர் எந்த அவையில் உட்காருகிறார் என்பதல்ல. இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்றால் சட்டத்தை மாற்றச் சொல்லி வாதிடுங்கள், நியாயமான வாதம் அது. ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்துக் கொல்லைப்புறம் என்று சொல்லாதீர்கள்.

சாஸ்திரி என்பது சாதிப் பெயரா?

இல்லை, காசி வித்யாபீடத்தில் வாங்கிய பட்டம். ஸ்ரீவஸ்தவா என்ற சாதிப் பெயரைத் துறந்தவர் அவர்.

அரியலூர் ரயில் விபத்துக்காக சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். 1956 நவம்பர் 23, மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருந்தது, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ஆற்றில் கவிழ்ந்தது, ஏறக்குறைய 150 பேர் போனார்கள். சில மாதம் முன்புதான் மகபூப்நகர் விபத்துக்காக ராஜினாமா கொடுத்து, நேரு அதை ஏற்க மறுத்திருந்தார். இந்த முறை ஏற்றுக்கொண்டார். ஆனால் அத்தோடு அரசியலை விட்டே போய்விட்டார் என்று நீங்கள் அனுப்பிய செய்தி சொல்வது பொய். 1957 தேர்தலுக்குப் பிறகு மறுபடி மத்திய அமைச்சரானார்.