கம்ப்யூட்டர் கேள்வி பதில்: நெட்டு இல்லாட்டியும் கை குடுக்குற டெம்ப்ளேட்

கேள்வி: அண்ணே, கடை கணக்கு, கோவில் நன்கொடை பதிவு, டியூஷன் பீஸ்னு சின்னச் சின்ன வெப் ஆப் செஞ்சு குடுக்குறேன். ஒவ்வொரு தடவையும் பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டர காப்பி பண்ணித்தான் ஆரம்பிக்கிறேன், வேண்டாததெல்லாம் கூடவே வந்துடுது. புதுசா இன்ஸ்டால் பண்ணா பாதியில நெட்டு நின்னுடுது, இல்ல கரண்டு போயிடுது. சொந்தமா ஒரு ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் எப்படி வச்சுக்கிறது? கிரியேட் ரியாக்ட் ஆப் போதுமா?
ஒரு வாசகி, பெகு, மியான்மர்

பதில்: தங்கச்சி, ரியாக்ட்ங்கற வெப் லைப்ரரியில ஆப் ஆரம்பிச்சுக் குடுக்குற டூல்தான் கிரியேட் ரியாக்ட் ஆப், அத விட்ருங்க. 2016ல வந்தப்போ அது பெரிய உதவிதான், ஆனா 2025 பிப்ரவரியில ரியாக்ட் டீமே புது ஆப்புக்கு இத எடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. இப்போ அதே வேலைக்கு வீட் (Vite) எடுங்க, வ்யூங்கற (Vue) வெப் ஃப்ரேம்வொர்க் எழுதுன இவான் யூ 2020ல கொண்டு வந்தது, ரியாக்டுக்கும் நல்லா ஓடும். முதல்ல உங்க கம்ப்யூட்டர்ல இத ஓட்டுற நோட் (Node.js) வெர்ஷன பாருங்க, வீட் 7க்கு 20.19 இல்லாட்டி 22.12க்கு மேல வேணும். அப்புறம் நெட்டு நல்லா இருக்குற நேரமா பாத்து ஒரு தடவ npm create vite (என்பிஎம்ங்கறது நோட் கூட வர்ற, பேக்கேஜ் எறக்குற டூல்) குடுத்து எடுத்துட்டு, அதுல வர்ற கவுண்டர் பட்டன், லோகோ, டெமோ சிஎஸ்எஸ் எல்லாத்தயும் அழிச்சுடுங்க.

உள்ள என்ன வைக்கிறதுங்கறதுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. எந்த ஆப் செஞ்சாலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டி வர்றது மட்டும் வைங்க, என்னைக்காவது உதவும்னு சார்ட் லைப்ரரி, ஸ்டேட் லைப்ரரின்னு அடுக்காதீங்க, அது ஒவ்வொண்ணும் இந்த நெட்டுல எறங்கணும், அப்புறம் ஒவ்வொண்ணயும் அப்டேட் பண்ணணும்.

உங்களுக்கு கட்டாயம் வேண்டியது தேதி ஃபங்ஷன். நிறைய பேர் டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் (toISOString) போட்டு முதல் பத்து எழுத்த வெட்டி தேதின்னு சேவ் பண்றாங்க, அது யூடிசிங்கற உலகப் பொது நேரம், மியான்மர்ல நமக்கு அத விட 6.30 மணி நேரம் கூட. காலையில 5 மணிக்கு பூஜைக்கு வந்தவர் குடுத்த நன்கொடை முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துடும், கமிட்டியில யாருக்கும் கணக்கு ஒத்து வராது. அதனால டைம் ஜோன் Asia/Yangonன்னு எழுதி ஒரு ஃபங்ஷன டெம்ப்ளேட்லயே வச்சுடுங்க. ஃபான்ட்டும் அப்படித்தான், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மியான்மர் ரெண்டும் ஃபான்ட்சோர்ஸ் (Fontsource) பேக்கேஜா என்பிஎம்ல கிடைக்குது, ஆப்போட சேத்தே பில்டு ஆயிடும், வெளி சர்வர்ல இருந்து ஃபான்ட் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டாம்.

நெட்டு விஷயத்துக்கு வர்றேன். எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்குற பேக்கேஜ் லாக் ஃபைல கண்டிப்பா கிட்ல (Git, கோடு மாற்றங்கள சேத்து வைக்குற டூல்) போடுங்க, எறங்குன பேக்கேஜ் எல்லாம் இருக்குற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர கிட்ல சேராம இருக்க கிட் இக்னோர்ல போடுங்க. அந்த ஃபோல்டர பென்டிரைவ்ல தூக்கிட்டுப் போனா சில சமயம் ஓடாது, ஈஎஸ்பில்டு (esbuild) மாதிரி பேக்கேஜ் விண்டோஸுக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனி பைனரி வச்சிருக்கும். என்பிஎம்முக்கு பதிலா பிஎன்பிஎம் (pnpm) எடுங்கன்னு நான் சொல்லுவேன், ஒரு தடவ எறங்குனத ஸ்டோர்ல வச்சுக்கிட்டு அடுத்த ப்ராஜெக்டுக்கு அங்க இருந்தே எடுத்துக்கும், ஆஃப்லைன் ஆப்ஷன் குடுத்தா நெட்டயே தொடாது, டிஸ்க்லயும் எடம் மிச்சம். அதுக்கு லாக் ஃபைல் பேரு மட்டும் வேற. என்பிஎம்மே போதும்னா npm ci கூட --prefer-offline சேத்து குடுங்க.

இன்னொண்ணு, ஆப்போட செட்டிங்ஸ் வைக்குற டாட் என்வ் (.env) ஃபைல்ல VITE_னு ஆரம்பிக்கிற பேர்ல வச்சு கோடுல எடுக்குறது எல்லாம் பில்டுல கலந்து பிரவுசர்ல யார் வேணா படிக்கலாம், பாஸ்வேர்ட அதுல வைக்கவே வைக்காதீங்க.

கடைசியா இந்த டெம்ப்ளேட்ட கிட்ஹப்ல ஒரு ரெப்போவா (ப்ராஜெக்டோட கிட் சேமிப்பு) ஏத்தி, செட்டிங்ஸ்ல அத டெம்ப்ளேட்னு டிக் பண்ணுங்க, பழைய ஹிஸ்டரி இல்லாம புது ரெப்போ ஒரே கிளிக்ல வரும். பென்டிரைவ்லயும் ஒரு bare ரெப்போ (வேல பாக்குற ஃபைல் இல்லாம கிட் டேட்டா மட்டும் இருக்குறது) வைங்க, அதுல இருந்து குளோன் பண்ண நெட்டே வேணாம்.

கேள்வி: ஐயா, என் ஆப்புல கஸ்டமர் டைப் பண்ற பர்மீஸ் எழுத்து சில நேரம் சிதறித் தெரியுது, ஃபான்ட் மாத்தியும் சரியாகல, ஏன்?
ஒரு வாசகர், மாண்டலே

பதில்: தம்பி, அது சோஜி (Zawgyi), யூனிகோடு தரத்துக்கு ஒத்து வராத பழைய பர்மீஸ் எழுத்து முறை. 2019 அக்டோபர் 1ல இருந்து மியான்மர் யூனிகோடுக்கு மாறினாலும் பழைய போன் வச்சிருக்கவங்க இன்னும் சோஜியிலதான் டைப் பண்றாங்க. ரெண்டும் ஒரே கோட் நம்பர்கள வேற வேற எழுத்துக்கு வச்சிருக்கறதால ஃபான்ட் மாத்தினா ஒருத்தருக்கு சரியாகும், இன்னொருத்தருக்கு கெடும். கூகுளோட மியான்மர் டூல்ஸ் பேக்கேஜ் என்பிஎம்ல இருக்கு, எழுத்து சோஜியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லும், யூனிகோடா மாத்தியும் குடுக்கும். டேட்டாபேஸ்ல போறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, அப்புறம்னா தேடுறதும் வரிசைப்படுத்துறதும் சரியா வராது. ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் இருந்தா அதால உறுதியா சொல்ல முடியாது, அங்க மாத்தாம கஸ்டமர்கிட்டயே காட்டி கேட்டுக்குங்க.