முதலீட்டாளராக விரும்பும் மகனும், இருவரும் வேண்டாமென்ற விற்பனை வேலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பி.காம். இறுதியாண்டில் இருக்கிறார், வளாக நேர்காணலில், சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ‘மார்க்கெட்டிங் வேலைக்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம்’ என்பது உங்கள் ஆதங்கம். தொழில்முனைவோர் முதலீடு கேட்டு வரும் ஷார்க் டேங்க் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அமர்ந்திருக்கும் ராபர்ட் ஹெர்ஜவெக்கைப் போல முதலீட்டாளராக வேண்டும், அதற்கு டொரன்டோவில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும், அந்தப் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டு நிற்கும் நீங்கள் இருவரும் அந்த விற்பனை வேலையை ஒதுக்குவதில் மட்டும் ஒரே கருத்தாக இருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வியப்பாக இருக்கிறது. ஏனெனில் உங்கள் மகன் முன்மாதிரியாகக் கொண்டிருக்கும் அந்த மனிதர் மேலே வந்ததே அப்படிப்பட்ட ஒரு வேலையின் வழியாகத்தான்.

அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1962ஆம் ஆண்டு, அன்றைய யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த குரோவேஷியாவில் பிறந்தவர் ஹெர்ஜவெக். கம்யூனிச ஆட்சியை எதிர்த்துப் பேசியதற்காகத் தந்தை சிறை சென்றவர். 1970இல் குடும்பம் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வந்திறங்கியபோது கையில் இருந்தது ஒரு பெட்டியும் 20 டாலரும் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்; பின்னர் அவர்கள் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தந்தைக்குத் தொழிற்சாலை வேலை. வீட்டு வாசலுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், ஆங்கிலம் சரியாகத் தெரியாத தாயிடம், தந்தையின் பல வார ஊதியத்துக்கு ஈடான விலையில் ஒரு வேக்குவம் கிளீனரை விற்றுவிட்டுப் போனதையும், இனி தம் குடும்பத்தை எவரும் இப்படி ஏமாற்ற விடக்கூடாது என்று தாம் அன்று உறுதி கொண்டதையும் அவர் மறக்காமல் குறிப்பிடுவார். விற்பனை என்பது எதிரில் இருப்பவரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதாகவும் இருக்கலாம், அவருடைய தேவையைப் புரிந்துகொள்வதாகவும் இருக்கலாம் என்ற வேறுபாட்டை அவர் வீட்டுக்குள்ளேயே கண்டிருக்கிறார்.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது ஆங்கில இலக்கியமும் அரசியல் அறிவியலும். 1984இல் பட்டம் பெற்றார். உங்கள் மகன் இதைச் சுட்டிக்காட்டி, ‘எந்தப் படிப்பு படித்தாலும் ஒன்றுதான்’ என்று வாதிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதம் சரியென்றால், அதே காரணத்தால் டொரன்டோ எம்.பி.ஏ.வும் அவசியமில்லை என்றாகிறது. இதை அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பட்டம் பெற்ற கையோடு ஹெர்ஜவெக் தொழிலதிபர் ஆகிவிடவில்லை. உணவகத்தில் பரிமாறினார், கடன் வசூலிக்கும் வேலை பார்த்தார், 1984ஆம் ஆண்டு சராயேவோ குளிர்கால ஒலிம்பிக்கின்போது தொலைக்காட்சித் தயாரிப்புக் குழுவில் இருந்தார். பிறகு லாஜிக்வெஸ்ட் என்ற கணினி நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார். ஐபிஎம் பெருங்கணினிகளோடு இணைந்து இயங்கும் எமுலேஷன் போர்டுகளை (ஒரு கணினியை இன்னொன்றைப் போலச் செயல்பட வைக்கும் மின்சுற்று அட்டைகளை) விற்கும் வேலை அது. அந்தத் துறையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தகுதி போதாது என்றபோது, ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் உழைத்துக் காட்டுகிறேன் என்று கேட்டுச் சேர்ந்து, அந்தக் காலத்தில் உணவகத்தில் பரிமாறிச் செலவைச் சமாளித்தார். அங்கேயே பொது மேலாளர் நிலை வரை உயர்ந்தார். 1990இல் அந்த வேலையும் பறிபோனது.

அதன் பின்தான், வீட்டின் அடித்தளத்து அறையில், கணினிப் பாதுகாப்புத் தொடர்பான பிராக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். யாரிடம் எதை எப்படி விற்பது, பெரிய நிறுவனத்தில் கொள்முதல் முடிவை உண்மையில் எடுப்பவர் யார், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதெல்லாம் அதற்குள் அவருக்குப் பழகியிருந்தன. 2000ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தை ஏடி அண்ட் டி கனடா என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு விற்றார். பிறகு சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனம் ஒன்றில் பொறுப்பேற்றார்; அங்கும் விற்பனைப் பிரிவின் துணைத் தலைவர் பதவிதான். சில காலம் ஓய்வெடுத்துவிட்டு, 2003இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு, அதே கணினிப் பாதுகாப்புத் துறையில் ஹெர்ஜவெக் குழுமத்தைத் தொடங்கினார்.

கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் வந்த, ஷார்க் டேங்க் போன்ற நிகழ்ச்சியான டிராகன்ஸ் டென் அவரை முதலீட்டாளர் நாற்காலியில் அமர்த்தியது 2006இல்; அமெரிக்காவின் ஷார்க் டேங்க் தொடங்கியது 2009இல். அதாவது, பட்டம் பெற்றதற்கும் அந்த நாற்காலிக்கும் இடையில் 22 ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் மகன் பார்ப்பது அந்த 22 ஆண்டுகளுக்குப் பிந்தைய மனிதரை. நாற்காலி கிடைத்த பின்னும் அவர் தம் தொழிலை விட்டுவிடவில்லை. ஏபாக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஹெர்ஜவெக் குழுமத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது 2021இல்தான். தொலைக்காட்சியில் காட்டிய பணம் இந்தத் தொழிலிலிருந்து வந்தது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை உங்கள் மகன் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஷார்க் டேங்கில் அமர்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள். துணிகர முதலீடு எனப்படும் வென்ச்சர் கேப்பிடல் தொழில் வேறு வகை. ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறக்கொடைகள், பெருஞ்செல்வக் குடும்பங்கள் ஆகியோரிடம் பணம் திரட்டி, பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள் கொண்ட ஒரு நிதியை அமைத்து, அதிலிருந்து வளரும் நிறுவனங்களின் பங்குகளை வாங்குவார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் பங்கு என்பது இத்துறையில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. போட்ட முதலீடுகளில் பெரும்பாலானவை தேறாமல் போக, ஒன்றிரண்டு மட்டும் பலமடங்காகி நிதியையே காப்பாற்றுவது அங்கே இயல்பு. ஆகவே, பிறர் பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அவர் முன்னே எதை வளர்த்திருக்கிறார் அல்லது எதைச் சரியாக மதிப்பிட்டிருக்கிறார் என்று பார்ப்பார்கள். இந்தியாவில், பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் மாற்று முதலீட்டு நிதி விதிகளின்படி, அத்தகைய நிதியில் ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும் என்பதிலிருந்தே, யாருடைய நம்பிக்கையைப் பெற வேண்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த நிறுவனங்களில் புதிய பட்டதாரிகளுக்கு அனலிஸ்ட் எனப்படும் ஆய்வாளர் வேலை உண்டு. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை, வளரும் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் சில ஆண்டுகள் இருந்தவர்களையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். தொலைக்காட்சியில் சில நிமிடங்களில் கைகுலுக்கலோடு முடிவதாகத் தோன்றும் பேரமும் உண்மையில் அத்தோடு முடிவதில்லை. கணக்குப் புத்தகங்கள், ஒப்பந்தங்கள், பங்குதாரர் பட்டியல் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே பணம் கைமாறும், அந்தச் சரிபார்ப்பில் கைவிடப்படும் பேரங்களும் கணிசமானவை. பி.காம். படித்த உங்கள் மகனுக்கு அந்தச் சரிபார்ப்பு வேலையில்தான் கை ஓங்கும், அவர் அதை இன்னும் உணரவில்லை என்றாலும். ஹெர்ஜவெக்கின் பெயர்பெற்ற முதலீடுகளில் ஒன்றான டிப்சி எல்வ்ஸ் என்ற கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் நிறுவனத்தை, நிகழ்ச்சியைப் பார்க்கும்போது உங்கள் மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு வழக்கறிஞரும் ஒரு பல் மருத்துவரும் தொடங்கிய நிறுவனம் அது. 10 சதவீதப் பங்குக்கு ஹெர்ஜவெக் 1 லட்சம் டாலர் கொடுத்தார். சிரிப்பூட்டும் ஸ்வெட்டர்தான் என்றாலும், அவர்கள் வந்தபோதே பொருள் விற்றுக்கொண்டிருந்தது. விற்பனை எண்கள் கையில் இருந்தன.

இனி, உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு வருகிறேன். ஹெர்ஜவெக் புலம்பெயர்ந்தவர் என்பதால் நம் பிள்ளையும் புலம்பெயர்ந்தால் வழி திறக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அவர் எட்டு வயதில் குடும்பத்தோடு போய்க் குடியேறியவர். அப்படிக் குடியேறியவர் எந்த வேலையும் பார்க்கலாம், வேலை போனால் வீட்டில் உட்காரலாம், தொழில் தொடங்கலாம். உங்கள் மகன் மாணவர் அனுமதியோடு போவார். படிக்கும்போது கல்வி வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். முதுநிலைப் பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்றாண்டு வரை வேலை அனுமதி கிடைக்கும். அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) தகுதி பெற, பெரும்பாலோர் நம்பியிருக்கும் கனடிய அனுபவப் பிரிவில், ஊதியம் பெற்றுச் செய்த திறன்சார் வேலை ஓராண்டாவது வேண்டும். சம்பளமின்றிச் செய்த வேலை அதில் சேராது. சொந்தத் தொழிலும் சேராது. கடையில் விற்பனையாளராக நின்ற காலமும் சேராது, தொழில்நுட்பப் பொருள்களை நிறுவனங்களுக்கு விற்ற காலம் சேரும். ஹெர்ஜவெக்கின் கதையில் உங்கள் மகனை மிகவும் கவர்ந்த இரண்டு கட்டங்கள், சம்பளமில்லாமல் சேர்ந்த அந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்தே தொடங்கிய நிறுவனமும், இந்தக் கணக்கில் அவருக்கு உதவாது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

கடனையும் சேர்த்துப் பாருங்கள். பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கமாட்டார்கள் என்றாலும், அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும் இளைஞர், குறைந்த சம்பளம் தரும் சிறு நிறுவனத்தில் கற்றுக்கொள்வதற்காகச் சேரமாட்டார். கிடைக்கும் முதல் பாதுகாப்பான வேலையைப் பிடித்துக்கொள்வார். முதலீட்டாளராக விரும்புபவரை, துணிந்து எதையும் முயல முடியாத நிலையில் அந்தக் கடன் நிறுத்திவிடும். எம்.பி.ஏ. வேண்டாம் என்பது என் கருத்தல்ல. நான்கைந்து ஆண்டு வேலை அனுபவத்தோடு போகும்போது நல்ல பல்கலைக்கழகத்தில் இடமும், ஓரளவு உதவித்தொகையும் கிடைக்கும் வாய்ப்பு கூடும். தம் சேமிப்பிலிருந்தும் ஒரு பங்கைப் போடுவார்.

அதனால் அந்தச் சென்னை வேலையை ஏற்கச் சொல்வதே என் ஆலோசனை. ஊர் ஊராகப் பை தூக்கும் வேலை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இன்றைய மென்பொருள் நிறுவனங்களில் இன்சைட் சேல்ஸ் என்பது அலுவலகத்தில் அமர்ந்தபடி, பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியிலும் காணொலியிலும் பேசும் வேலை. நேர வேறுபாட்டால் இரவு வேலை இருக்கும். உங்கள் மனைவி அதற்கு வருந்தக்கூடும், முன்னரே சொல்லிவைப்பது நல்லது. மாத இலக்கு உண்டு. எட்டாத மாதங்களில் மனம் சோர்ந்து வீட்டுக்கு அழைப்பார், அப்போது ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வாடிக்கையாளர் ஏன் வாங்கினார், ஏன் புதுப்பிக்கவில்லை, ஒருவரைப் பிடிக்க எவ்வளவு செலவாகி அவர் எவ்வளவு திருப்பித் தந்தார் என்பதை இந்த வேலையில் உங்கள் மகன் தம் கண்ணாலேயே பார்ப்பார். முதலீட்டு நிறுவனங்கள் நேர்காணலில் துருவிக் கேட்பவை இவைதான். வார இறுதிகளில், பங்குச்சந்தையில் பட்டியலிட வரும் நிறுவனங்கள் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணங்களைப் படிக்கப் பழகட்டும்; கட்டணமின்றிக் கிடைப்பவை, ஒரு நிறுவனத்தின் வரவு, செலவு, ஆபத்து, வழக்கு எல்லாம் ஒளிவின்றி எழுதப்பட்டிருப்பவை. சி.ஏ. படிக்கவைக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் தவறல்ல. ஆனால் அதில் அவருக்கு நாட்டமில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் வற்புறுத்த வேண்டாம்.

பணி நியமனக் கடிதம் வந்ததும் கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுச் சம்பளமாகச் சொல்லும் தொகையில் நிலையானது எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வருவது எவ்வளவு. குறிப்பிட்ட காலம் விலகக்கூடாது என்ற பாண்ட் இருக்கிறதா, இருந்தால் தொகை என்ன. நோட்டீஸ் காலம் எத்தனை நாள். முதல் ஆறு மாதம் பயிற்சி அளிப்பவர் யார். கடைசிக் கேள்விக்கு மனிதவளத் துறையினர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், அதே பிரிவில் ஓராண்டு முன்பு சேர்ந்த உங்கள் மகனின் கல்லூரி மாணவர் எவரையாவது தேடிப் பேசட்டும். கடிதத்தின் பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள், படித்துச் சொல்கிறேன்.