ஏஆர் கண்ணாடியில் (கண்முன் உள்ள காட்சியின் மேல் கணினிப் படங்களைக் காட்டும் கண்ணாடி) கைச்சைகை செய்தால் ஏன் சீக்கிரம் கை வலிக்கிறது?

கையை அந்தரத்தில் தூக்கியே வைத்திருப்பதால்தான். தோளுக்கு ஓய்வே இல்லை. இந்த அலுப்புக்கு ‘கொரில்லா கை’ என்று பட்டப்பெயரே உண்டு.

2016-இல் வந்த முதல் ஹோலோலென்ஸில் (மைக்ரோசாஃப்டின் ஏஆர் கண்ணாடி) கையை உடலுக்கு முன்னால் உயர்த்தி, ஆள்காட்டி விரலை மடக்கி நிமிர்த்த வேண்டும். கருவி பார்க்கும் எல்லையைத் தாண்டினால் அதற்குக் கை தெரியாது. 2019-இன் ஹோலோலென்ஸ் 2 விரல் மூட்டுகளையே கவனித்ததால், மிதக்கும் பொத்தானை நேரடியாக அழுத்த முடிந்தது. ஆனால் தொட்ட உணர்வு வராதே! விரல் பொத்தானுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். அதை ஈடுகட்டத்தான் ‘டிக்’ ஒலியும் ஒளிர்வும்.

2024-இல் ஆப்பிள் விஷன் ப்ரோ வேறு வழி பிடித்தது: வேண்டியதைப் பார்த்து, மடியில் கிடக்கும் கையின் இரு விரலைச் சேர்த்தால் போதும். தோளுக்கு நிம்மதி. என்ன, விரலைச் சேர்க்கும்வரை கண் வேறெங்கும் ஓடக் கூடாது.