ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டென்னிஸ் அணிக்கு எத்தனை பதக்கம்? ஒற்றையரில் ஏன் ஒன்றுமே இல்லை?

2023-இல் நடந்த ஹாங்சோ போட்டியில் இந்தியாவுக்கு டென்னிஸில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. கலப்பு இரட்டையரில் ரோஹன் போபண்ணா - ருதுஜா போசலே தங்கம். ஆடவர் இரட்டையரில் சாகேத் மைனேனி - ராம்குமார் ராமநாதன் வெள்ளி. இரண்டு இறுதிப் போட்டிகளிலும் எதிரில் நின்றவர்கள் தைவான் இணைகள்தான்.

ஒற்றையரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆசிய விளையாட்டு டென்னிஸில் அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம் உறுதி, அதற்கெனத் தனி ஆட்டம் கிடையாது. அதனால் காலிறுதிதான் பதக்க ஆட்டம். சுமித் நாகலும் அங்கிதா ரெய்னாவும் அங்கேதான் தோற்றார்கள், அதுவும் முதல் செட்டை வென்ற பிறகு! நாகலை வீழ்த்திய சீன வீரர் ஜாங் ஜிஜென்தான் கடைசியில் தங்கம் வென்றார். அங்கிதா ஜப்பானின் ஹருகா காஜியிடம் தோற்றார். 2018-இல் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், அங்கிதா இருவரும் ஒற்றையர் வெண்கலம் வென்றிருந்ததால் இந்த இழப்பு கூடுதலாக வலித்தது.

ஆடவர் இரட்டையரில் போபண்ணா - யூகி பாம்ப்ரி இரண்டாவது சுற்றிலேயே உஸ்பெகிஸ்தான் இணையிடம் வெளியேறியது பெரிய அதிர்ச்சி. அப்புறம் 43 வயதில் அதே போபண்ணா கலப்பு இரட்டையர் இறுதியில் முதல் செட்டை 2-6 என இழந்தும், அடுத்த செட்டை 6-3 என்றும், மூன்றாவது செட்டுக்குப் பதிலான டைபிரேக்கை 10-4 என்றும் எடுத்து மீண்டு வென்றாரே, என்னைக் கேட்டால் அந்தத் தொடரில் நம் டென்னிஸ் அணியின் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான்.