அந்த நாலு நாள்

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் திருகோணமலை, உப்புவெளி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூலக்கூற்றுப் படமாக்கல் துறையில் ஆய்வாளராக இருக்கிறேன். பெட் ஸ்கானில் புற்றுநோய்க் கலங்களைக் காட்டிக்கொடுக்கும் மருந்துகளை எலிகளில் சோதிக்கிறோம். அதில் சேர்க்கும் கதிரியக்கப் பொருளான புளோரின்-18 இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம்தான் என்பதால், சாப்பாடு பாராமல் ஓடவேண்டிய வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். போன வருடம் அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆசிரியையாக இருக்கும் தங்கச்சிதான் இரவு ரயிலில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறாள். அண்மையில் எடுத்த எலும்பு ஸ்கான் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அது என் துறை இல்லை, டொக்டரிடம் கேளுங்கள் என்று நாலு நாள் கழித்துப் பதில் போட்டேன். இப்போது அப்பா என்னோடு முன்போல் பேசுவதில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். வேலையை விட்டுவிட்டு வரவா, இருக்கவா?

பதில்: வரவா, இருக்கவா என்று கேட்டு எனக்கு வந்த கடிதங்களைக் கட்டி வைத்தால் ஒரு பெட்டி நிரம்பும். அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த நாலு நாளைத்தான்.

110 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும் என்று மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்த பிள்ளை நீங்கள். தங்கச்சியின் செய்தி மட்டும் நாலு நாள் கெடாமல் கிடக்கும் என்று யார் சொன்னது?

துறை இல்லை என்றது உண்மைதான். எலும்பு ஸ்கானுக்கு வழக்கமாகப் போடுவது டெக்னீசியம்-99m என்ற கதிரியக்கப் பொருள், அதன் அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம், அது வேறு மருந்து, வேறு இயந்திரம். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் நோய் சொல்லியிருந்தால் அதற்கும் ஏசியிருப்பேன். ஆனால் தங்கச்சி உங்களிடம் கேட்டது அதையா?

என் கணவருக்கு இதே ஸ்கான் எடுத்த நாளில் வெளியே வாங்கில் காத்திருந்தவள் நான். ஊசி போட்டார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மூன்று மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில் தந்த படத்தை வீட்டில் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தால், அடிவயிற்றில் கரியாக ஒரு உருண்டை. அன்றிரவு நான் படுக்கவில்லை. மறுநாள் தாதி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், “அது மூத்திரப்பை அக்கா, மருந்து அந்த வழியாலதானே வெளியே போகுது, எல்லாருக்கும் அப்பிடித்தான்.” முழங்கால் தேய்மானமும் பழைய முறிவும்கூட அப்படிக் கறுக்கும் என்று பிறகு அறிந்தேன். எலும்பு எங்கே புதிதாகக் கட்டுகிறதோ அங்கே அந்த மருந்து சேரும். புற்றுநோயாலும் கட்டும், வேறு காரணத்தாலும் கட்டும்.

இவ்வளவையும் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

அப்பா ஏன் பேசுவதில்லை என்று யோசித்தீர்களா? நம் வீடுகளில் புற்றுநோய்க்காரருக்கு எதைச் சொல்லி வந்திருக்கிறோம்? “ஒண்டுமில்லை அப்பா, சின்னக் கட்டி” என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் அழுவோம். அது அவருக்கும் தெரியும். அவருடைய தாய்க்கும் தகப்பனுக்கும் அவரே அப்படிச் செய்திருப்பார். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலேயே புற்றுநோய் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது, படம் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறது, நாலு நாள் சத்தமில்லை, பிறகு டொக்டரிடம் கேளுங்கள் என்று ஒரு வரி. மகள் பார்த்துவிட்டாள், சொல்ல மனமில்லாமல் மறைக்கிறாள் என்றுதான் அவர் எடுத்திருப்பார். அவரிடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எடுப்பேன்.

பணம் அனுப்புவதை எனக்கு ஏன் எழுதினீர்கள்? நான் கேட்கவில்லையே. ரயிலில் இரவு முழுக்க அப்பாவுக்குத் தலையணையாக இருந்து, கொழும்புக் கோட்டையில் இறங்கி மகரகமவுக்கு 138 பஸ் ஏறி, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பிப்பவள் உங்களுக்கு இளையவள். மூத்த பிள்ளையின் இடம் காசால் நிரம்பும் என்று நம்ப என்னால் முடியாது. பழைய ஆள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

வேலையை விடவேண்டாம். குற்ற உணர்ச்சியில் ஊருக்கு வந்து உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் அப்பா மேலேயே எரிந்து விழுவீர்கள், பல பேரைப் பார்த்தாயிற்று. லீவு போட்டு வாருங்கள். ஒரு தடவையாவது அந்த இரவு ரயிலில் நீங்கள் அப்பாவோடு போங்கள், தங்கச்சி வீட்டில் படுக்கட்டும்.

அதற்கு முன், இன்றைக்கே தங்கச்சிக்குப் போன் எடுங்கள். படத்தை விட்டுவிட்டு, அதோடு தந்த எழுத்து அறிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். புரொஸ்டேட் நோயின் போக்கைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, ஸ்கானில் சந்தேகமான இடம் இருந்தால் அடுத்து என்ன செய்வார்கள் என்று டொக்டரிடம் கேட்கவேண்டியதை வரி வரியாக எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கிளினிக் நேரத்தில் போனில் இருங்கள்.

பிறகு அப்பாவிடம் பேசுங்கள். அன்று நான் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை அப்பா, எதையும் மறைக்கவில்லை என்று சொல்லுங்கள். அது வெட்கமான உண்மைதான், இருந்தாலும் அவருக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த கிளினிக் எத்தனையாம் திகதி என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. தங்கச்சியிடம் முதலில் அதைக் கேளுங்கள்.