லிஃப்ட் பிரேக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: லிஃப்ட் அறுந்து விழுமா? ஒரே மாதிரிக் கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுகிறவர்கள் அதற்குப் பதில் லிஃப்ட் எத்தனை ஆண்டு பழையது, எத்தனை மாடி, மெஷின் அறை உண்டா இல்லையா என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

செந்தூல் வாசகர்: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பிரேக் எப்படி வேலை செய்யும்?

மின்சாரம் போனால்தான் அது பிடிக்கும். பிரேக்கை அழுத்துவது ஸ்பிரிங். அதை விலக்கி வைக்கும் காந்தத்துக்குத்தான் மின்சாரம். வயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் காந்தம் விடும், ஸ்பிரிங் அழுத்தும், லிஃப்ட் நிற்கும். புறப்படும்போதும் நிற்கும்போதும் மேலே ‘டக்’ என்று கேட்பது அந்தச் சத்தம்தான். அப்படி நின்றுவிட்டால் உள்ளேயே இருங்கள், மணியை அழுத்துங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ரோப் அறுந்தால் அந்தப் பிரேக் தாங்குமா?

தாங்காது. அதற்கென்று வேறு கருவி இருக்கிறது. மெஷினில் உள்ள பிரேக், ரோப் ஓடும் சக்கரமான ஷீவைத்தான் பிடிக்கிறது. ரோப்பே இல்லையென்றால் ஷீவைப் பிடித்து என்ன பயன்?

முதலில் ரோப். நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் நாலு முதல் எட்டு வரை இருக்கும். மூன்றோ அதற்கு மேலோ போட்ட இடத்தில், ஒவ்வொரு ரோப்பும் தன்மேல் விழக்கூடிய அதிகபட்ச பாரத்தைப் போல் குறைந்தது 12 மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. அத்தனையும் போனால் சேஃப்டி கியர். கேபினுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்த தாடைகள் உண்டு. வேகம் மிஞ்சினால், வேகத்தைக் கண்காணிக்கும் கருவியான கவர்னர் தன் மெல்லிய ரோப்பை இறுக்கிப் பிடிக்கும், அந்த இழுப்பில் ஆப்புகள் ஏறி, கேபின் ஓடும் பாதையான கைடு ரெயிலைக் கவ்வும். குறித்த வேகத்தில் 115 சதவீதத்துக்குக் கீழே கவர்னர் பிடிக்கக் கூடாது. வினாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் லிஃப்டில் ஏறக்குறைய 1.75க்கும் 2க்கும் இடையில் அது பிடிக்கும்.

1945இல் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் குண்டுவீச்சு விமானம் மோதியபோது தூக்கும் ரோப்புகளோடு கவர்னர் ரோப்பும் அறுந்தது. அதனால்தான் கேபின் 75 மாடி விழுந்தது. அதிலும் பெட்டி லூ ஆலிவர் என்ற ஊழியர் பிழைத்தார். உங்கள் லிஃப்டில் விமானம் மோதாது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: விழும்போது, தரையில் மோதும் கணத்தில் குதித்தால் தப்பலாமா?

முடியாது. மனிதன் குதிக்கும் வேகம் வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான். அந்தக் கணம் எது என்பதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

வங்சா மாஜு வாசகர்: காலி லிஃப்ட் தானாக மேலே ஏறிப் போனதாகக் காவலாளி சொல்கிறார். நம்பலாமா?

நம்பலாம், இன்றே நிறுத்துங்கள். எதிர் எடை என்பது ரோப்பின் மறுபக்கம் தொங்குவது, கேபினின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்த்துப் போட்டது. 13 பேர் லிஃப்டில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் எதிர் எடைதான் கனம். பிரேக் நழுவினால் கேபின் மேலே போகும். ‘அறுந்து விழுமா’ என்று பயப்படுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. சேஃப்டி கியர் பொதுவாகக் கீழ்நோக்கி மட்டும்தான் பிடிக்கும். மேல்நோக்கிய ஓட்டத்துக்கு இரட்டைப் பிரேக்கோ ரோப்பைக் கவ்வும் கருவியோ தனியாக வேண்டும். பழைய லிஃப்ட் பலவற்றில் அது கிடையாது.

செராஸ், அடுக்குமாடி நிர்வாகக் குழுப் பொருளாளர்: கட்டடம் 22 ஆண்டு பழையது. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள் நிறுத்த வேண்டும், தனிக் கட்டணம் என்கிறார் கான்ட்ராக்டர். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, டோஷ் (மலேசியத் தொழில் பாதுகாப்புத் துறை) சான்றிதழும் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா?

கூடாது. ‘நன்றாகத்தான் ஓடுகிறது’ என்ற இந்த வரி எனக்கு வராத மாதமே இல்லை. பிரேக் விஷயத்தில் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை, ஏன் என்று விளக்குகிறேன்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போட்ட லிஃப்டில் வேகத்தைக் குறைத்து மாடிக்கு நேராகக் கொண்டு நிறுத்துவது மோட்டார். நின்ற பிறகுதான் பிரேக் விழுகிறது. காரை நிறுத்திவிட்டுக் கைப்பிரேக் போடுவது போல. ஆகவே பிரேக் பாதி பலத்தில் இருந்தாலும் லிஃப்ட் மெத்தென்று வந்து நிற்கும், யாருக்கும் தெரியாது. அதன் முழுப் பலமும் தேவைப்படுவது அவசரமாக நிற்கும்போது மட்டும். அந்த ஒரு தடவைதான் தெரியவரும்.

கெட்டுப்போகும் விதத்தைப் பாருங்கள். காந்தத்துக்குள் விரல் தடிமனுக்கு ஒரு தண்டு, பிளஞ்சர், முன்னும் பின்னும் போகிறது. அதைச் சுற்றி லைனிங் (பிரேக்கின் உரசிப் பிடிக்கும் பட்டை) தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து கறுப்பு மாவாக இறுகும். பிளஞ்சர் திரும்ப அரை வினாடி தாமதிக்கும். பிரேக் விரியும்போதும் முழுசாக விரியாது. பிரேக் பிடிக்கும் உருளையான ட்ரம்முக்கும் லைனிங்குக்கும் நடுவில் வேண்டிய இடைவெளியே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, நாலு தாள் கனம் என்று வையுங்கள். அது போனால் லைனிங் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், முகம் கண்ணாடி போலப் பளபளக்கும். பளபளத்த லைனிங் பிடிக்காது. உரசல் இன்னும் தூளைக் கொட்டும், தூள் இன்னும் மாவாகும். கியர் மெஷின் என்றால் ஷாஃப்ட் சீல் கசிந்து எண்ணெய் ட்ரம்மில் ஏறுவதும் உண்டு. அந்த லைனிங்கைத் துடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துடைத்தால் போகாது, எண்ணெய் ஊறியதை மாற்றத்தான் வேண்டும்.

2006இல் தோக்கியோவின் மினாத்தோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி. கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே ஏறியதில் பள்ளி மாணவன் ஒருவன் நசுங்கி இறந்தான். லைனிங் தேய்ந்து பிரேக் பிடிக்கவில்லை. அந்த லிஃப்டும் அதற்கு முன்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சான்றிதழைப் பற்றி: பரிசோதனை நாளன்று லிஃப்ட் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. பிளஞ்சரைக் கழற்றித் துடைப்பது பரிசோதகரின் வேலை இல்லை, அது உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தின் வேலை. அந்த ஒப்பந்தத்தை ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரே ஆள் வருவார், கதவு ரெயிலைத் துடைப்பார், புத்தகத்தில் கையெழுத்திடுவார், அரை மணியில் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிரேக்கைக் கழற்ற இரண்டு பேரும் பாதி நாளும் வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. வாயிலுக்குப் புதுச் சாயம் பூசப் பணம் இருக்கும் குழுவில் இதற்கு மட்டும் பணம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: பிளஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்த தேதி, லைனிங் தடிமன், இடைவெளி, ஸ்பிரிங் நீளம், மூன்றும் மில்லிமீட்டரில், பிரேக்கின் இரண்டு கைகளில் ஒன்றை மட்டும் விட்டுப் பிடிக்கிறதா என்ற சோதனை, காலி கேபினை முழு வேகத்தில் மேலே ஓட்டி மின்சாரத்தைத் துண்டித்து, எவ்வளவு தூரம் நழுவி நின்றது என்ற அளவு. போன ஆண்டின் அளவோடு ஒப்பிடுங்கள். ‘ஓகே’ என்று மட்டும் எழுதிய தாளை வாங்காதீர்கள். மெஷின் அறை இருந்தால் கதவருகே நின்று ட்ரம்முக்குக் கீழே பாருங்கள். புதிய கறுப்புத் தூள் குவிந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

ஜெலுத்தோங் வாசகி: லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. மகன் கதவைப் பிளந்து கீழ் மாடிக்குக் குதித்து இறங்கினான். அடுத்த தடவையும் அப்படிச் செய்யலாமா?

அடுத்த தடவை வேண்டாம் அம்மா, முதல் தடவையே செய்திருக்கக் கூடாது. கேபின் தளம் மாடிக்கு மேலே நின்றால் அதற்குக் கீழே குழி திறந்து கிடக்கிறது. கேபினுக்கு அடியில் தொங்கும் தகடு முக்கால் மீட்டர்தான் மறைக்கும். குதிக்கிற கால் வழுக்கிப் பின்னால் சரிந்தால் நேரே குழிக்குள். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. லிஃப்ட் நின்றால் ஆபத்து தீர்ந்தது என்று பொருள், பிரேக் பிடித்திருக்கிறது. காற்று வரும், மூச்சு முட்டாது. உள்ளேயே இருங்கள், மணியை அழுத்துங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் 999, பொம்பா (தீயணைப்புப் படை) வரும்.

கெப்போங் வாசகர்: வீடு புதுப்பிக்கிறோம். 13 பேர் லிஃப்டில் எத்தனை சிமெண்ட் மூட்டை ஏற்றலாம்? அதிகமானால் மணி அடிக்குமே?

பலகையில் 885 கிலோ என்று இருக்கும், ஆளுக்கு 68 வீதம். 50 கிலோ மூட்டை 16, தள்ளுகிறவர் ஒருவர், அதோடு சரி. நான் 10க்கு மேல் ஏற்ற விடமாட்டேன், அதுவும் தளம் முழுக்கப் பரப்பி. ஓரத்தில் குவித்தால் கேபின் சாயும், கேபினை ரெயிலில் பிடித்து ஓட்டும் கைடு ஷூ தேயும். மணியை நம்பி ஏற்றாதீர்கள்; அந்த சென்சார் அளவு மாறிப்போன லிஃப்ட் நிறைய. கதவு மூடாமலிருக்கக் கட்டை செருகும் தொழிலாளியை உடனே தடுங்கள்.

ஜார்ஜ் டவுன் வாசகர்: லிஃப்ட் குலுங்குகிறது. என்ன காரணம்?

எந்த லிஃப்ட், எப்போது குலுங்குகிறது, ஏறும்போதா, நிற்கும்போதா? ஒன்றும் எழுதவில்லை. நிற்கும் கணத்தில் மட்டும் உதறினால் பிரேக் முன்கூட்டியே விழுகிறது, ஓட்டம் முழுக்க என்றால் கைடு ஷூ அல்லது ரெயில் இணைப்பு. எரிந்த வாசனையும் சேர்ந்து வந்தால் பிரேக் உரசுகிறது, அப்போது ஏறாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: பினாங்குக் கொடிமலை ரயிலும் லிஃப்ட் மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான். கேபிளின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, ஒன்று ஏற மற்றது இறங்கும். மேல்நிலையத்தில் உள்ள மெஷின் பிரேக் வேறு. பெட்டியிலேயே தண்டவாளத்தைக் கவ்வும் பிரேக் வேறு.

செந்தூல், இன்னொரு வாசகர்: மெஷின் அறையில் ரோப்பில் செம்பழுப்புத் தூள் தெரிகிறது. ஒரு ரோப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

அது வெறும் துரு இல்லை. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியாகின்றன. எண்ணெய் தடவி மறைக்க விடாதீர்கள். எத்தனை கம்பி அறுந்திருக்கிறது, விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மாற்றுவதானால் எல்லா ரோப்பையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியது ஒன்று, பழையது மூன்று என்றால் இழுவை சமமாகாது, ஷீவின் பள்ளங்கள் தாறுமாறாகத் தேயும், ஆறு மாதத்தில் புதியதும் போய்விடும்.